அரை நொடி பிந்தும் கால்

லாஸ் வேகஸில் ஏசி பழுதுபார்க்கிறவன் ஜூலை மாதம் லீவு கேட்பது, முகூர்த்த நாளில் சமையல்காரன் லீவு கேட்பதற்குச் சமம். வெண்டல் ஸ்டர்டிவன்ட் வருஷம் தவறாமல் கேட்டார். முதலாளியும் வருஷம் தவறாமல் கத்தினார்.

"ஊரே வெந்துக்கிட்டிருக்கு. உனக்குப் பந்தாட்டம் கேக்குதா?"

வெண்டல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நிற்பார். கத்தல் ஓய்ந்ததும், "அப்ப வெள்ளிக்கிழமையிலேர்ந்து வரமாட்டேன் சார்," என்பார். அவ்வளவுதான். நல்ல வேலைக்காரனை இழக்க முதலாளிக்கும் மனசில்லை.

கோடை ஆட்டங்கள் என்றால் வெண்டலுக்கு உயிர். பெரிய கூடைப்பந்து அணிகள் தங்கள் புதுப் பிள்ளைகளை இறக்கிப் பார்க்கும் ஆட்டங்கள் அவை. புதிதாகக் கோடிகளுக்குக் கையெழுத்துப் போட்டவனும் ஆடுவான், யாரும் சீண்டாமல் வேலை தேடி வந்தவனும் ஆடுவான். யார் ஜெயித்தார்கள் என்று மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. எவன் தேறுவான், எவன் பெட்டியைக் கட்டுவான் என்று பார்க்கத்தான் கூட்டம் வரும். வெயிலுக்குத் தப்பிக் குளிரும் அரங்குக்குள் காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை கை, கால், தோள், பார்வை என்று ஒவ்வொருவனாக எடை போடுவார்கள்.

"குதிரை வாங்கப் போனவங்க மாதிரி பிள்ளைங்க வாயைப் பிளந்து பல்லைப் பாக்குறீங்க," என்பாள் மனைவி ரொவீனா. அவள் ஒரு தடவை வந்ததோடு சரி.

அந்தக் கூட்டத்தில் வெண்டலுக்கு 'ஜட்ஜ்' என்று பேர். அது சும்மா வந்த பேர் இல்லை. பல வருஷத்துக்கு முன் மொன்டானாவிலிருந்து ஒரு குச்சிப் பையன் வந்திருந்தான். எறிந்த பந்தெல்லாம் வளையத்துக்கு வெளியே போனது. அரங்கே சிரித்தது. வெண்டல் மட்டும், "கையைப் பாக்காதீங்க, கழுத்தைப் பாருங்க. பந்து வர்றதுக்கு முன்னாலயே திரும்புது," என்றார். பிற்பாடு அந்தப் பையனின் முகம் ஊரில் பாதி விளம்பரப் பலகைகளில் ஏறியது. அன்றிலிருந்து கீழ் வரிசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்துக் கேட்பார்கள்.

"ஜட்ஜ், இந்தப் பதினாலாம் நம்பர் தேறுவானா?"

வெண்டல் உடனே சொல்லிவிட மாட்டார். சூரியகாந்தி விதையை மென்று, தோலைக் காகிதக் கோப்பையில் துப்பி, மெதுவாக வாயைத் திறப்பார்.

"நல்ல கால். வீடு வீடா நடக்குற கால். அவனுக்குத் தபால் வேலை வாங்கிக் குடுங்கப்பா."

பக்கத்து இருக்கை ஹெக்டர் புஸ்டமான்டே தொடையைத் தட்டிச் சிரிப்பார். சூதாட்ட விடுதி ஒன்றில் மது ஊற்றிக் கொடுக்கும் வேலை அவருக்கு. இந்தப் பக்கம் மீனா கெய்ன்ஸ், நர்ஸ். பெயர் பிலொமீனா, அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்வாள். வருஷம் முழுக்க மூவரும் பார்த்துக்கொள்வதில்லை. ஜூலை வந்தால் நேற்று விட்ட சண்டையை இன்று தொடர்வதுபோல் தொடர்வார்கள். தபால்காரன் என்கிற சொல் வாய்க்கு வாய் போய், கடைசியில் அந்தப் பகுதிக்கே வசவாகிவிட்டது.

வெண்டலின் ஒரே மகன் கீனன் நல்ல உயரம். பந்தின் மேல் அப்பனைவிடப் பைத்தியம். வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருவருக்கும் பேச்சு அது ஒன்றுதான். அப்பா ஒருவனை 'தேறமாட்டான்' என்றால் மகன் விடமாட்டான். தட்டில் சோறு ஆறும்வரை வாதாடுவான். ஐடஹோவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு ஆடினான். படிப்பு முடிந்தது. எந்தப் பெரிய அணியும் கூப்பிடவில்லை. ஒரு கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டு, விடிகாலையில் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தான்.

அந்த வருஷக் கோடை ஆட்டங்கள் தொடங்க இருந்தபோது ஒரு அணியில் யாருக்கோ கணுக்கால் பிசகியது. பக்கத்தில் கிடைக்கிற ஆள் யார் என்று தேடினார்கள். கீனனுக்கு அழைப்பு வந்தது. ரொவீனா அடுப்படியில் நின்று அழுதாள். வெண்டல், அந்த ஆட்டங்களுக்கு அழுக்குப் பனியனோடு போகிற மனுஷன், சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

"ஜட்ஜ் வீட்டுலயே கேஸா!" என்று ஹெக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மீனா ஒரு டப்பா நிறைய எலுமிச்சை கேக் கொண்டுவந்திருந்தாள்.

முதல் ஆட்டத்தில் கீனனை இறக்கவே இல்லை. இரண்டாவதில் கடைசியில், ஜெயம் முடிவான பிறகு, கொஞ்ச நேரம். மூன்றாவதில்தான் உண்மையாக ஆடக் கிடைத்தது. வந்ததும் தொலைவிலிருந்து எறிந்தான், வலை அசைந்தது. அடுத்து ஒரு பந்தைக் குனிந்து பிடுங்கி, ஓடுகிறவனுக்குத் தள்ளிவிட்டான். வெண்டலின் கை தானாக மீனாவின் தோளைப் பிடித்துக்கொண்டது.

பிறகு எதிரணியில் ஒரு குட்டையான பையன் வந்தான். மின்னல். கீனனை நேருக்கு நேர் நிறுத்தி, இடப்பக்கம் போவதுபோல் காட்டி வலப்பக்கம் போனான். கீனன் திரும்புவதற்குள் பந்து வளையத்துக்குள். மறுபடி அதே பையன், அதே வழி. மூன்றாம் தடவை கீனன் முன்கூட்டியே திரும்பினான். பையன் மறுபக்கம் போய்விட்டான்.

பின்வரிசையிலிருந்து ஒரு இளவட்டம் கத்தினான்: "யாருப்பா இந்தத் தபால்காரனைக் கூட்டிட்டு வந்தது?"

சுற்றிலும் சிரிப்பு. மீனா எழுந்து திரும்பினாள். "வாயை மூடுடா. அவன் அப்பா இங்கதான் உக்காந்திருக்காரு."

இளவட்டத்தின் முகம் செத்துப்போயிற்று. "ஐயோ, ஸாரி ஜட்ஜ். தெரியாமப் பேசிட்டேன். உங்க பையன் நல்லாத்தான் ஆடுறான். நெஜமா."

வெண்டல் கையை ஆட்டி விட்டுவிட்டார். கேலி அவருக்கு அவ்வளவாகச் சுடவில்லை. அது அவர் சொன்ன கேலிதான். அந்த 'நெஜமா'தான் குத்தியது. இனி எல்லாரும் தன் பிள்ளையிடம் இப்படித்தான் பொய் சொல்வார்கள் என்று தோன்றியது. பரிதாபப்பட்டு, தோளைத் தட்டி, அவனை ஏமாற்றுவார்கள். நான் ஒருவனாவது அதைச் செய்யக்கூடாது என்று அங்கேயே உட்கார்ந்து முடிவு செய்தார். ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தின் கொதிக்கும் தாரில் நடக்கும்போது அந்த முடிவு அவருக்குப் பெருந்தன்மையாகக்கூடப் பட்டது.

அன்று மாலை அப்பாவும் மகனும் வழக்கமாகப் போகும் பான்கேக் கடைக்குப் போனார்கள். கீனன் முழங்கால் இரண்டிலும் ஐஸ் கட்டிக்கொண்டு, காலை எதிர் இருக்கையில் நீட்டியிருந்தான்.

"ஏஜென்ட் பேசினாருப்பா. போலந்துல ஒரு டீம் கேக்குதாம். சின்ன ஊரு. ஒரு வருஷம்."

"ம்."

"நாளைக்குள்ள பதில் சொல்லணும்." முட்கரண்டியால் முட்டையைக் குத்திக்கொண்டிருந்தான். "அப்பா, ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. நான் உன் பையன் இல்லேன்னு வச்சுக்க. நீ மேல உக்காந்திருக்க, நான் கீழ ஓடுறேன். என்ன தெரியுது உனக்கு?"

வெண்டல் காபியைக் கீழே வைத்தார்.

"கை இருக்குடா உனக்கு. புத்தியும் இருக்கு. கால் இல்ல. எதிராளி திரும்பினப்புறம் அரை நொடி கழிச்சுத்தான் உன் கால் திரும்புது. அதைச் சொல்லிக் குடுத்து வர வைக்க முடியாது. இன்னிக்கு அந்தக் குட்டையன் காட்டிட்டான். நாளைக்கு எல்லாரும் காட்டுவாங்க. போலந்து போனாலும் அதுதான். பலகைகூட வாசிக்கத் தெரியாத ஊருல முட்டி தேஞ்சு, முப்பது வயசுல வெறுங்கையோட வந்து நிப்ப."

"தேறமாட்டேங்கிற."

"தேறமாட்ட."

கீனன் தலையை ஆட்டினான். வெண்டல் காத்திருந்தார். இப்போது வாதம் வரும், 'உனக்கு என்ன தெரியும் கெழவா' என்று சீறுவான், ஒவ்வொரு ஆட்டக்காரனுக்காகவும் சீறியவன் தனக்காகச் சீறமாட்டானா என்று. கீனன் முட்டையை முழுவதும் சாப்பிட்டான். "அந்தச் சிரப்பை இப்படித் தள்ளுப்பா," என்றான்.

போலந்துக்குப் போகவில்லை. குளிர்காலத்துக்குள் நகரத் தண்ணீர் இலாகாவில் குழாய்க் கசிவு பார்க்கும் வேலையில் சேர்ந்தான். நல்ல வேலை, நிலையான வேலை என்று வெண்டல் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டார். ஆனால் கீனன் பந்தைத் தொடுவதே இல்லை. பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை ஆடும் பழைய கூட்டாளிகள் கூப்பிட்டும் போகவில்லை. ஷூக்களை யாருக்கோ கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்தால், டிவியில் ஆட்டம் ஓடினால், எழுந்து போய் அம்மாவோடு பாத்திரம் துடைப்பான்.

"என்னதான் சொன்ன அவன்கிட்ட?" என்று ஒரு நாள் ரொவீனா கேட்டாள். வெண்டல் ஒன்று விடாமல் சொன்னார். கேட்டு முடித்ததும் துண்டைப் பாதியிலேயே மடக்கி வைத்துவிட்டு அறைக்குள் போனாள். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு மேசையில் இருந்தது, பேச்சு இல்லை.

மூன்று ஜூலை கழிந்தது. ஒரு மத்தியானம், வழக்கமான இருக்கை, வழக்கமான மூவர். கீழே ஒருவன் ஆடிக்கொண்டிருந்தான். ஐரோப்பாவில் ஏதேதோ ஊர்களில் ஆடிவிட்டுத் திரும்பி வந்தவன்.

ஹெக்டர் அவனைக் கூர்ந்து பார்த்தார். "யோவ் ஜட்ஜ், இவனைத் தெரியுதா? உன் கீனன் ஆடின வருஷம் வந்தவன். கால் வராது, தேறமாட்டான்னு எழுதியே குடுக்காத குறையாச் சொன்னியே!"

வெண்டலுக்குத் தெரிந்தது. அதே கால்தான், வேகம் கூடவில்லை. ஆனால் இப்போது அவன் எதிராளியின் பின்னால் ஓடவே இல்லை. எதிராளி எங்கே வரப்போகிறானோ அங்கே முன்னாடியே போய் நின்றுகொண்டிருந்தான், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி. பந்து அவன் கையில் வந்து விழுந்தது. அரங்கு எழுந்து கைதட்டியது. எங்கேயோ, பேர் தெரியாத ஊர்களில், தோற்றுத் தோற்று அதைக் கற்றிருக்கிறான்.

"அட, நீயும் மனுஷன்தான்யா!" என்று ஹெக்டர் முதுகில் தட்டினார். கேலிக்குத்தான் தட்டினார்.

வெண்டல் எழுந்தார். பாதி ஆட்டத்தில் அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை. "உடம்புக்கு என்னப்பா?" என்று மீனா நாடி பார்க்கக் கையை நீட்டினாள். அவர் நிற்கவில்லை.

நேரே கீனன் வீட்டுக்குப் போனார். கீனன் வாசலில் ஹோஸ் பிடித்து வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, ஆட்டம் இல்லையா இன்னிக்கு?"

"நான் அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன்டா."

என்றைக்கு என்று கீனன் கேட்கவில்லை. தண்ணீர் சக்கரத்தில் பட்டுத் தெறித்துக்கொண்டிருந்தது. வெண்டல் பார்த்ததையெல்லாம் சொன்னார், அந்தப் பையனை, அவன் போய் நின்ற இடங்களை. மூச்சு வாங்கியது அவருக்கு.

"நீ தப்பாச் சொல்லலப்பா," என்றான் கீனன். "என் கால் மெதுவுதான். பதினாறு வயசுலயே எனக்குத் தெரியும்."

"அப்புறம் எதுக்குடா கேட்ட?"

கீனன் தண்ணீரை நிறுத்தினான்.

"கோச் நல்லா ஆடுறேன்னாரு. எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்வாரு. ஏஜென்ட் 'போ'ன்னாரு, அது அவர் பொழப்பு. அம்மாவுக்கு நான் என்ன செஞ்சாலும் அழுகைதான். நீ ஒருத்தன்தான் எல்லாம் தெரிஞ்ச ஆளு. கால் மெதுவுன்னு தெரிஞ்சும் நீ 'பரவால்லடா, போய்ட்டு வா'ன்னு சொல்லுவியான்னு பாத்தேன். சொல்லியிருந்தா போயிருப்பேன். தோத்துட்டே வந்திருப்பேன். அதனால என்ன. போலந்தைப் பாத்திருப்பேன்ல."

கடைசி வார்த்தைக்கு அவன் சிரித்தான். சண்டைக்கு வந்திருந்தால் வெண்டல் தாங்கியிருப்பார்.

"இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகலடா. நீ பயிற்சி பண்ணினா..."

"அப்பா." கீனன் அவர் தோளில் ஈரக் கையை வைத்தான். "விடு. உள்ள வா, வெயில்ல நிக்காத. பின்னறை ஏசி ஒரு வாரமா காத்துதான் விடுது, குளிரல. என்னன்னு பாரு."

வெண்டல் உள்ளே போய் ஏசியைப் பிரித்துப் போட்டார். கண் கலங்கியதால் ஒரு திருகாணி இரண்டு தடவை கீழே விழுந்தது. கீனன் அதை எடுத்துக் கொடுத்தான். அறை குளிர்ந்த பிறகு ஒரு கோப்பை தண்ணீர் குடித்துவிட்டு அவர் புறப்பட்டார்.

அதற்கப்புறமும் அவர் ஆட்டங்களுக்குப் போகிறார். போகாமல் இருந்து பார்த்தார். வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. கண் இன்னும் பழுதில்லை. ஒரு பையன் இரண்டு எட்டு வைத்தால் போதும், அவருக்குத் தெரிந்துவிடுகிறது. வேண்டாம் என்றாலும் தெரிகிறது. யாராவது திரும்பிக் கேட்டால், "ஆடட்டும், பாப்போம்," என்கிறார். ஜட்ஜுக்கு வயசாகிவிட்டது என்று கீழ் வரிசையில் பேச்சு. கேட்பதும் குறைந்துவிட்டது. மீனா மட்டும் பேசாமல் கேக் டப்பாவை அவர் பக்கம் நகர்த்துவாள்.

வருஷா வருஷம் மகனையும் கூப்பிடுகிறார். "ஜூலைலதான்ப்பா குழாய் வெடிக்கும்," என்கிறான் கீனன். அதுவும் நிஜம்தான்.

கீனன் வடக்கே ரீனோ ஊர்த் தண்ணீர் இலாகாவில் வேலை கிடைத்து அங்கேயே போய்விட்டான். ஞாயிறுதோறும் போன் வரும். பத்து நிமிஷம், வெயில், வண்டி, அம்மாவின் இடுப்புவலி. போன மாதம் ஒரு ஞாயிறு, பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: "அப்பா, மேஸ்திரி வேலை காலியாச்சு இங்க. இருவது பேரை வச்சு மேய்க்கணும். என்னைக் கேட்டாங்க."

வெண்டல் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "சேந்துடுடா! யோசிக்காத! உன்னால முடியும், எனக்குத் தெரியும், தாராளமாச் சேரு. முடியலேன்னா என்ன, திரும்பி வந்துட்டாப் போச்சு. போடா, போய்ச் சேரு!" சத்தம் கேட்டு ரொவீனா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சேந்து ரெண்டு வாரமாச்சுப்பா," என்றான் கீனன். பிறகு, அப்பாவுக்கு மனசு கேட்காதே என்று நினைத்தானோ என்னவோ, "ஆனாலும் தேங்க்ஸ்," என்றான்.