எழுந்திருக்க மறுத்த லும்துரி

எங்கள் தலைநகர் டிரானாவில் ஆட்சி மாறினால் அமைச்சகத்தில் தரை துடைப்பவர் வரை ஆள் மாறும். கம்யூனிஸ்டுகள் போன பிறகும் இந்த வழக்கம் மட்டும் போகவில்லை. லும்துரி இப்படி இரண்டு முறை வேலை இழந்தவள். ஒருமுறை குடையை எடுத்துக்கொள்ளக்கூட அவளை உள்ளே விடவில்லை.

பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவரைக் காரணமில்லாமல் நீக்கக் கூடாது என்று புதுச் சட்டம் வந்தது. உடனே படிக்க உட்கார்ந்தாள். மின்சாரம் பாதி நேரம் இருக்காது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்துத் தேறி, நான் வேலை பார்த்த பிரிவுக்கே வந்து சேர்ந்தாள்.

ஓராண்டு கழித்து அமைச்சர் மாறினார். அவருடைய ஆலோசகர் அக்ரோன் எங்கள் அறைக்கு வந்து லும்துரியின் முன்னால் நின்றார்.

"மேடம், சாயங்காலத்துக்குள்ள மேசைய காலி பண்ணிடுங்க. நம்ம ஆளு ஒருத்தர் வர்றாரு."

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பெல்லாம் இல்ல. அமைச்சர் மாறிட்டாருல்ல?"

"அமைச்சர்தானே மாறினாரு? சட்டம் மாறலயே!"

மறுநாள் அவள் இடத்தில் அக்ரோனின் சித்தி மகன் எர்மால் உட்கார்ந்திருந்தான். லும்துரி வீட்டுக்குப் போய் ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து, அறை வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்று மட்டுமல்ல, அலுவலக நாளெல்லாம். அவளோடு பேச எங்களுக்குப் பயம்.

காவலாளி ஸொக்ராத் வந்தார். "அக்கா, உன்ன வெளிய தள்ளச் சொல்றாங்க."

"தள்ளு. எந்தச் சட்டப்படின்னு கேட்டுட்டு வந்து தள்ளு."

"என் இடுப்பு இருக்கிற லட்சணத்துக்கு நான் யாரத் தள்றது?" என்று போனவர், காபியோடு திரும்பினார்.

அவள் அரசு ஊழியர் ஆணையத்தில் முறையிட்டாள். நியாயம் அவள் பக்கம் என்றார்கள். அமைச்சகம் காதில் வாங்கவில்லை. நீதிமன்றம் போனாள். கணவர் பெத்ரித் அலுத்துக்கொண்டார்: "ஏதாவது ஒரு கட்சியில சேர்ந்திருந்தா இந்நேரம் நீ டைரக்டர்டி."

"ஆமா, அடுத்த தேர்தல்ல மறுபடியும் நடுத்தெரு."

குளிர்காலம் போய்க் கோடையும் முடியும் வேளையில் தீர்ப்பு வந்தது. வேலை அவளுடையது. அவள் உள்ளே நுழைந்ததும் எர்மால் முகம் சிவந்து எழுந்தான்.

"உன்மேல கோவமில்லப்பா. பரீட்சை எழுதிட்டு வா. அந்த ஜன்னலோர மேசை காலியாத்தான் கெடக்கு."

எழுதினான். முதல் தடவை தோற்றான், அடுத்த தடவை தேறினான். ஜன்னலோர மேசை அவனுக்கு வந்தது.

அடுத்த தேர்தலில் ஆட்சியே மாறியது. புது அமைச்சரின் ஆள் எங்கள் அறைக்குள் வந்து, "எல்லாரும் எழுந்திருங்க, புது ஆளுங்க வெளிய நிக்கிறாங்க" என்றார்.

"நாங்க பரீட்சை எழுதி வந்தவங்க சார்," என்றான் எர்மால், தட்டச்சு செய்வதை நிறுத்தாமல்.

யாரும் அசையவில்லை. நானும்தான். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் உட்கார்ந்தே இருந்தேன். வந்தவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"பாத்துக்கறேன்!"

"தாராளமா பாருங்க," என்றாள் லும்துரி. "போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க, குளிருது."