மிளகாய் நிறுத்திய மென்பொருள்

வீட்டில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். அன்றைக்கு அவளுக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெயர்கூடப் போதாது.

நல்ல வேலையை உதறிவிட்டு அண்ணனோடு சேர்ந்து மென்பொருள் தொழில் தொடங்கியவள் அவள். நிரல் எழுதுவது அவள் பாடு. எந்தத் தொழில்காரர்களுக்கு அது தேவை என்று பார்ப்பது அண்ணன் பாடு. அந்த மகானுபாவன் தெருவில் இறங்கவே இல்லை. அண்ணியைக் கேட்டான். அண்ணி, பியூட்டி பார்லர் நடத்தும் தன் தோழிகளைக் கேட்டாள். "ஐயோ, சூப்பரா இருக்குமே!" என்றார்கள். முகத்துக்கு நேராக யார்தான் வேண்டாம் என்பார்கள்? அவ்வளவுதான், சந்தை ஆராய்ச்சி முடிந்தது.

யாருக்கு, என்றைக்கு, என்ன வேலை, எந்த ஆள் என்று பதிந்துகொள்ளும் மென்பொருளை அவள் ராப்பகலாக எழுதினாள். முதலில் இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாகக் கொடுத்தார்கள். எடுத்துக்கொள்பவர்களிடம் போன் நம்பர் கேட்டால் கூச்சப்படுவார்கள் என்று அந்தக் கேள்வியையும் அண்ணன் நீக்கச் சொல்லிவிட்டான்.

இப்போது அவளே பார்லர் பார்லராக ஏறி இறங்கிவிட்டு வந்திருந்தாள். எல்லா இடத்திலும் நாற்காலி போட்டுப் புகழ்ந்தார்கள். ஒருத்தியும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"தினமும் ஃபேஷியல், ஹேர் டைன்னு பதிவு வந்து கொட்டுதே. யாரோ யூஸ் பண்றாங்கல்ல?" என்றான் அண்ணன்.

"யாரோன்னா யாருண்ணா? திங்கக்கிழமைக்குள்ள வர்றேன்னு சொன்னாத்தான் பழைய வேலை திரும்பக் கிடைக்கும். 'போனவங்க திரும்பி வர்றது சகஜம்தான்'னு இளிக்கிற அந்த மேனேஜர் முன்னாடி நீயா போய் நிக்கப் போற?"

அவளுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. அண்ணன்மேல் மட்டுமல்ல, பல்லைக் காட்டிப் புகழ்ந்தவர்களை நம்பிய தன்மேலும்தான். விறுவிறுவென்று கணினி முன் உட்கார்ந்து மென்பொருளை நிறுத்தினாள். திறந்தால் அவளுடைய போன் நம்பர் மட்டும் தெரியும்படி வைத்தாள்.

"வேணுங்கிறவன் கத்தட்டும்."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் போன் அலறியது.

"ஏம்மா, உனக்கு அறிவிருக்கா?" என்றது ஒரு கரகரப்பான ஆண் குரல். "கடையில ஏசியைக் கழட்டிப் போட்டுட்டு நிக்கிறோம். அடுத்து எவன் எந்த வீட்டுக்குப் போறதுன்னே தெரியல. நீ பாட்டுக்கு நிறுத்திட்டா?"

"ஏசியா? இது பியூட்டி பார்லருக்குங்க."

"அதான் அந்த வேலை லிஸ்ட்ல வேற ஒண்ணுமே இல்லையே! வாட்டர் வாஷ் பண்ணா ஃபேஷியல்னு போட்டுக்கிறோம். கேஸ் அடிச்சா ஹேர் டை. எங்க தலையெழுத்து!"

அவள் பார்லர் பார்லராகத் தேடியது இந்த ஒரு குரலைத்தான்.

"உங்களை மாதிரி இன்னும் யாராவது..."

"யாராவதா? இந்தத் தெருவுல இருக்கிற ஏசி மெக்கானிக் எல்லாரும் இதைத்தான் வெச்சு ஓட்டுறோம். எல்லாம் பக்கத்துலயே நின்னு உன்னைத் திட்டிக்கிட்டு இருக்காங்க. போனைக் குடுக்கவா?"

மிளகாய் ஸ்பீக்கரைப் போட்டு, போனை அண்ணன் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"குடுங்கண்ணே. ஒவ்வொருத்தரா திட்டச் சொல்லுங்க."