காருக்குப் பின்னால் நின்றவள்

மில்லர்புரத்தில் நானும் என் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறோம். மீன் வாங்க விடியும் முன்பே எங்கள் பழைய காரில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவோம். டிக்கி கடலைப் பார்த்து நின்றால்தான் மீன் பெட்டி ஏற்றச் சுலபம். அவர் ரிவர்ஸ் எடுப்பார். நான் பின்னால், தளத்தின் விளிம்பில் நின்று, "வாங்க, வாங்க" என்பேன்.

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. மீன் வழுவழுப்பில் கால் சறுக்கி மல்லாந்து விழுந்தேன். கார் நிற்காமல் வந்தது. எழ முடியவில்லை. கத்த வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. தலைக்குப் பின்னால், கீழே, தண்ணீர் சுவரில் அடிக்கும் சத்தம். உருண்டால் கடல், கிடந்தால் சக்கரம். பம்பர் என் முழங்காலைத் தொட்டது.

"ஏலே, நிப்பாட்டு! பொம்பள கீழ கெடக்கு!" என்று பக்கத்தில் கட்டியிருந்த வள்ளத்திலிருந்து யாரோ அலறினார்கள்.

கார் நின்றது. இறங்கி ஓடி வந்த வீட்டுக்காரர் என்னை இழுத்து உட்காரவைத்துவிட்டுத் தானும் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீ தெரியவே இல்லளா. கண்ணாடியில வெறும் இருட்டுதான்" என்றார்.

அன்று மதியமே ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனோம். ரிவர்ஸ் லைட் இரண்டில் ஒன்று எரியவே இல்லை. மற்றதன் மூடி உப்புக்காற்றில் மங்கிக் கிடந்தது. கடைக்காரர் மூடிகளை மாற்றி வெள்ளை எல்இடி பல்பு போட்டார். பம்பருக்கு அடியிலும் ஒரு விளக்கைப் பொருத்தினார்.

"இன்னும் பவரா போடுங்களேன்" என்றார் இவர்.

"வேண்டாம் அண்ணாச்சி, சூட்டுல மூடி உருகிரும். ரிவர்ஸ் கியர் போட்டா மட்டும் இது எரியும். அதுவே போதும்."

சோதித்துப் பார்க்க என்னைப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். கார் அசையவில்லை, பட்டப்பகல்தான். ஆனாலும் வெளிச்சம் என் மேல் விழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் துறைமுகத்தில் அவர் ரிவர்ஸ் போட்டதும் தரை முழுக்க வெளிச்சம். நான் வழக்கமாக நிற்கும் இடத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். விளிம்பு சிமெண்ட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அடியில் வெறும் பொந்து. இத்தனை நாள் அதன் மேல்தான் நின்றிருக்கிறேன்.

"நிப்பாட்டுங்க!" கார் இன்னும் தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் கத்திவிட்டேன்.

அவர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். "இனி கார் இங்கனயே நிக்கட்டும். பெட்டியத் தூக்கிட்டு வருவோம்" என்றார்.

வள்ளத்திலிருந்து, "அண்ணாச்சி, லைட்ட அமத்துங்க, கண்ணு கூசுது!" என்று குரல் வந்தது. அவர் பம்பர் விளக்கின் முகத்தைத் தரையைப் பார்க்கத் திருப்பினார்.

இப்போது நான் பின்னால் நிற்பதில்லை. அவர் ஜன்னல் பக்கம் கூடவே நடக்கிறேன். ஆனாலும் கடைத்தெருவில் எந்த வண்டி ரிவர்ஸ் எடுத்தாலும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறேன். அது போய் முடியும்வரை அங்கிருந்து நகர்வதில்லை.