நெருப்பு மறுக்கப்பட்ட வீடு

லடாக்கின் சன்ஸ்கார் பள்ளத்தாக்கில் இருந்த அந்தக் கிராமத்தில் யாங்டோலின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. மாமியாரையே ஒரு வார்த்தையில் உட்கார வைத்தவள். ஆனால் அந்த வாய் பொய் மட்டும் பேசாது. அவள் கெட்டதே அதனால்தான்.

பனி குறைந்துபோன ஒரு வருடம், ஓடையில் தண்ணீர் நூலாக இறங்கியது. தண்ணீர் பாய்ச்சத் தன் முறை வந்த விடியலில் வயலுக்குப் போனவள், தோல்தன் மடைக்கல்லைப் பெயர்த்துத் தன் பார்லிக்குத் தண்ணீரைத் திருப்புவதைக் கண்ணால் பார்த்தாள். தோல்தன் யாரோ எவனோ அல்ல. அவள் வீட்டோடு ஒரே குலதெய்வம் கும்பிடும் ஐந்து வீடுகளுக்குப் பெரியவன். ஊர்க்கூட்டத்தில் அவனைத் திருடன் என்றாள். சாட்சி இல்லை. பெரிய மனுஷன்மேல் பழி போட்டாள் என்று ஊர் அவளைத் தள்ளிவைத்தது. அடுப்புக்கு நெருப்புக்கூட யாரும் கொடுக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். "செத்தாலும் கேக்க மாட்டேன்" என்றாள். செத்தது அவள் புருஷன்.

அது நடுக்குளிர்காலம். லாமா வந்து ஓதிவிட்டுப் போனார். அந்த ஊர் வழக்கப்படி பிணத்தை வீட்டார் தொடக்கூடாது. கட்டுவது, சுமப்பது, எரிப்பது எல்லாம் அந்த ஐந்து வீட்டு ஆண்கள் வேலை. ஒருவனும் எட்டிப் பார்க்கவில்லை. நாலு பேர் முகம் பார்த்துப் பேச ஏங்கியே செத்த சாது மனுஷன் தார்கியாஸ், மூலையில் விறைத்துக் கிடந்தான். பாவிகள்!

யாங்டோல் மன்னிப்புக் கேட்பவர்கள் கொண்டுபோகும் வெள்ளைத் துண்டும் ஒரு குடம் பார்லிக் கள்ளுமாகத் தோல்தன் வீட்டுக்குப் போனாள். ஊரே அங்கே உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது பொய்."

"காது கேக்கல தங்கச்சி. ஊரையே எழுப்புற வாயாச்சே, எங்க போச்சு அது?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"பொய்! நான் எதையும் பாக்கல! தெய்வத்து மேல சத்தியம். என் மனுஷனை மட்டும் தூக்குங்க."

தோல்தன் வந்தான். தொழில் தெரிந்தவன், வெள்ளைத் துணியில் கச்சிதமாகக் கட்டி, தானே முதல் தோள் கொடுத்தான். சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. வாசலில் நின்றவளைக் கடக்கும்போது அவன் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"நீ பாத்தது நெசந்தான் தங்கச்சி. என் வயலும் காஞ்சுகிட்டு இருந்துச்சு, என்ன பண்ண?"

யாங்டோல் சுற்றிலும் பார்த்தாள். முற்றம் நிறைய ஆட்கள் நின்றார்கள். வாயைத் திறந்தால் பிணத்தை இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"பாத்துப் போங்க அண்ணே," என்றாள். "பாதை வழுக்கும்."