பக்கத்துக் கட்டில்

போன செவ்வாய்க்கிழமை காலை போன் அடித்தது. திரையில் ஹாஜறா ராத்தாவின் பெயர். "சொல்லுங்க ராத்தா" என்றேன். பேசியது அவருடைய மகள் ஷிபானா.

"டீச்சர், உம்மா மௌத்தாகிட்டா. சுபஹு தொழுதிட்டு நெஞ்சுக்குள்ள ஏதோ செய்யிது எண்டு படுத்தவ, எழும்பல்ல."

சித்தாண்டியிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு பஸ், அங்கிருந்து காத்தான்குடிக்கு இன்னொன்று. கல்லடிப் பாலத்தில் வாகன நெரிசல். நான் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவை அடக்கம் செய்ய மையவாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

உள்ளே பாயில் பெண்கள் இருந்தார்கள். நானும் ஒரு ஓரமாக இருந்தேன். வயதான ஒருவர் அருகில் வந்து, "நீங்க ஆரு, மகள்? கூடப் படிச்சவவா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஹாஜறாட கடைக்கு வாறவவா?" அதுவும் இல்லை. உறவும் இல்லை, அயலும் இல்லை. "பக்கத்துக் கட்டில்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பாவம், ஒரு தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டுப் போனார். அன்று அவருக்குச் சொல்ல வராததை, ஹாஜறா ராத்தாவை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இருபத்து மூன்று வருடங்களுக்கு முன், தலைப்பிள்ளைக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். நாள் தாண்டிவிட்டது, நோவு வரவில்லை. பிள்ளையைச் சுற்றியிருக்கும் தண்ணீர் குறைந்து வருகிறது, மருந்து கொடுத்து நோவை வரவழைக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். நான் கணக்கு டீச்சர். காலையில் தொடங்கினால் பின்னேரம் முடிந்துவிடும் என்று மனதுக்குள் நேரசூசி போட்டுவிட்டேன். "எத்தின மணிக்குப் பிறக்கும் மிஸ்ஸி?" என்று தாதியிடம் கேட்டேன். மிஸ்ஸி பிரஷர் பார்த்துவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மணி அடிச்சு வெளியில விடுறத்துக்கு இது பள்ளிக்கூடமாகா?" அன்றிலிருந்து கடைசிவரை அவருக்கு நான் டீச்சர்தான்.

அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது. அதனால் அவருக்கும் அதே நாளில் அதே வைத்தியம். பிரசவ வாட்டில் நம்மோடு யாரையும் தங்க விடமாட்டார்கள். பார்வையாளர் நேரம் வந்தால் அவருடைய கட்டிலைச் சுற்றிச் சகோதரிமார், மாமி, சாப்பாட்டுப் பெட்டிகள். என் அம்மா அப்போது உயிருடன் இல்லை. கணவர் கட்டாரில். கணவரின் அக்கா, என் மச்சாள், ஒருமுறை வந்து எட்டிப்பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் நான் ஜன்னலால் வாவியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவ்வளவு தனிமையை நான் அதற்குமுன் அறிந்ததில்லை. ஆட்கள் போனதும் ராத்தா என் பக்கம் திரும்பி, "அப்பாடா, சனம் போயிட்டு. இனி நாம கதைப்பம்" என்பார். அது எனக்காகச் சொன்னது என்று அப்போதே தெரியும்.

அவருக்கு இது மூன்றாவது பிரசவம்; வாட்டில் யாரும் விளக்கமாகச் சொல்லாததை அவர்தான் சொன்னார். முதலில் ஒரு மெல்லிய குழாயை உள்ளே வைத்து, நுனியில் தண்ணீர் விட்டுச் சின்னப் பலூன்போல உப்பவைப்பார்கள். கர்ப்பவாசல் கொஞ்சம் திறந்தால் அது தானாக விழும். ஒரு இரவு முழுக்க விழாமலும் இருக்கும். பிறகு தண்ணீர்க்குடத்தை உடைப்பார்கள். பிறகு சேலைனில் மருந்து. பிள்ளையின் இதயத்துடிப்பை மெஷினில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

"மருந்து ஏறினாப் பொறகு நோவு மெல்ல மெல்ல வாறல்ல டீச்சர். கதவத் தட்டாம உள்ளுக்கு வந்திரும். தாங்க ஏலாட்டி வாய் திறந்து கேளு, அதுக்கும் மருந்து இரிக்கி."

"எல்லாம் செஞ்சும் பிறக்காட்டி?"

"வெட்டி எடுப்பாங்க. அதுக்கு நீ பெயில் எண்டு அர்த்தமில்ல."

முதல் நாள் காலையில் எனக்குப் பலூன் வைத்தார்கள். பின்னேரமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. மச்சாள் வந்தார். "இன்னும் நோவு வரல்லையா? மருந்து பிடிக்கல்லப்போல. இதக் கழட்டச் சொல்லிட்டு வீட்ட போவம் வா. முருகன் கோயிலுக்கு நேந்துவிட்டாத் தானா வரும்." எனக்கும் அந்தக் கட்டிலும் அந்த மணமும் போதும் போதுமென்றாகியிருந்தது. மிஸ்ஸியிடம் கேட்டேன். "கையெழுத்து வச்சாப் போகலாம். ஆனா பிள்ளைக்குத் தண்ணி குறைவு, அத விளங்கிக்கொள்ளுங்க" என்றார். விளங்கிக்கொள்கிற நிலையில் நான் இல்லை. வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழும்பிக் காலால் செருப்பைத் தேடினேன். காணவில்லை.

மச்சாள் குனிந்து தேடினார். நான்கு கட்டிலுக்குக் கீழும் தேடினார். ஹாஜறா ராத்தா கண்ணை மூடி, கையில் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டு, உலகத்தில் ஒரு கவலையும் இல்லாதவர்போலப் படுத்திருந்தார். தேடித் தேடியே பார்வையாளர் நேரம் முடிந்தது. மச்சாளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "காலைல வேற செருப்புக் கொண்டுவாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாசலைத் தாண்டியதும் ராத்தா கண்ணைத் திறந்தார்.

"செருப்பு என்ட பைக்குள்ள இரிக்கி. பிள்ளையோட போகக்குள்ள தாறன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீங்கள் யார் என்னை மறிக்க என்று கத்தினேன். அழுதேன். அழுது முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பில்லாமலும் போயிருக்கலாம்தான். கையெழுத்து வைக்கக் கால் தேவையில்லை. ஆனால் இருக்கவா போகவா என்று ஆடிக்கொண்டிருந்த எனக்கு, இருப்பதற்கு ஒரு சாட்டு, ஒரு காரணம், வேண்டியிருந்தது. அதை அவர் எடுத்துப் பைக்குள் போட்டு வைத்திருந்தார்.

மறுநாள் விடிந்ததும் பலூன் விழுந்தது. குடத்தை உடைத்துச் சேலைன் ஏற்றினார்கள். நோவு அவர் சொன்னபடியே கதவைத் தட்டாமல் வந்தது. மத்தியானம் மெஷினில் பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கியது. என்னைச் சுற்றி ஒரே நேரத்தில் ஐந்தாறு பேர் நின்றார்கள். கொடி கழுத்தைச் சுற்றியபடி மகன் பிறந்தான், கொஞ்சம் தாமதித்து அழுதான். அந்தத் தாமதம் வீட்டில் நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று டொக்டர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

ராத்தாவுக்கு அன்று காலையே ஷிபானா பிறந்துவிட்டாள். அவரை வேறு வாட்டுக்கு மாற்றினார்கள், பை அவருடைய வீட்டாரோடு காத்தான்குடிக்குப் போய்விட்டது. மச்சாள் கொண்டுவருவதாகச் சொன்ன செருப்பை மறந்துவிட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொதிக்கும் வெயிலில் வெறுங்காலோடு வீட்டுக்குப் போனவள் நான்.

நாற்பது நாள் கழிந்த பிறகு ஒரு நாள், கைக்குழந்தையோடு சித்தாண்டிக்கு வந்து இறங்கினார். கடைப் பைக்குள் என் செருப்பு, கழுவித் துடைத்தபடி. சிரித்துச் சிரித்துக் கதைத்தோம். போகும் நேரத்தில்தான், அவருக்கு இரண்டாவது பிள்ளை எங்கே என்று கேட்டேன். அதுவரை மூத்தவனைப் பற்றி மட்டுமே சொல்லியிருந்தார்.

"அதுக்கும் இப்பிடித்தான் பலூன் வெச்ச. நோவு வரல்ல எண்டு கையெழுத்து வெச்சிட்டு வீட்ட போனன். ரெண்டு நாளால திரும்பிப் போகக்குள்ள பிள்ளைக்கு உசிரில்ல." ஷிபானாவைத் தோளில் போட்டுத் தட்டினார். பிறகு சொன்னார்: "எனக்கு ஆரும் செருப்ப ஒளிக்கல்ல டீச்சர்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளின் பிறந்தநாளன்று காலையில் போன் எடுப்பார். பிள்ளைகளை வாழ்த்த அல்ல. "அதுகள் என்ன செஞ்ச? சும்மா வந்ததுகள். பாடுபட்ட நாமதானே" என்பார். என் கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. மகன் மெல்பேர்னில் இருக்கிறான், பிறந்தநாளெல்லாம் அவனுக்கு ஞாபகத்திலேயே இல்லை. அந்த இரண்டு நாட்களில் நான் எப்படிப் பயந்தேன், எப்படிக் கத்தினேன் என்று அறிந்த ஒரே ஆள் அவர்தான். இனி அந்தத் தேதி வரும், போன் வராது. இதை எழுதும்போதும் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

அன்று ஆட்கள் குறைந்த பிறகு ஷிபானா வந்து என்னருகில் இருந்தாள். நிறைமாதம். உம்மாவைப்போலவே சீனி. வருகிற திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், மருந்து கொடுத்து நோவை வரவழைக்க.

"எல்லாம் விளக்கமாச் சொல்லித்தாறன் எண்டு உம்மா சொன்ன. சொல்லாமப் போயிட்டா."

நான் சொன்னேன். பலூனிலிருந்து தொடங்கி, அவர் சொன்ன அதே வரிசையில், முடிந்தவரை அவருடைய சொல்லிலேயே. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சொற்கள்தான். அவை அவருடைய மகளுக்கே போய்ச் சேரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"பயமாரிக்கி டீச்சர். இடையில கையெழுத்து வெச்சிட்டு ஓடி வந்திருவன் போல இரிக்கி."

"உன்ட செருப்பு என்ன நிறம்?" என்று கேட்டேன்.

அவளுக்கு அந்தக் கதை தெரியும். அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கறுப்பு" என்றாள்.

திங்கட்கிழமை பார்வையாளர் நேரத்துக்கு ஒரு பெரிய பையோடு போகிறேன்.