ஒன்பதாவது டிராக்குக்கு ஜோடி இல்லை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் சங்கீதாவுக்குப் பன்னிரண்டு வருடமாக ஒரே வேலை. இடது ஷூவுக்கு வலது ஷூவை ஜோடி சேர்ப்பது. நிறம் மயிரிழை மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். அச்சாக ஒத்துப்போனால் மட்டும் அவள் வாயிலிருந்து ‘பாஸ்’ என்ற சொல் வரும். மேனேஜரே அவளிடம் வாதாடமாட்டார்.

அந்த வேலை வயிற்றுக்கு. அவள் உயிர் இருந்தது கிதாரில். மாதா கோயில் பாடல் குழுவில் தொட்ட கிதார், பிறகு தமிழ்வேந்தனின் ராக் பேண்டில் பத்து வருடம். ஜாஸ் ராக்கில் தனியாக ஓர் ஆல்பம் போடப் போவதாகச் சொன்ன அன்று தமிழ்வேந்தன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“தனியாவா? ரெண்டே மாசம். திரும்பி வந்து நிப்பே, பாரு.”

அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவள் அழவில்லை. எட்டு டிராக்குகளை முடித்தாள்.

இன்று ஒன்பதாவது, கடைசி. வேலூர் ஸ்டுடியோவில் ஆறு மணிவரைதான் நேரம். டிரம்ஸ் வாசிக்கும் சௌந்தர்யா நாளைக் காலை துபாய்க்கு விமானம் ஏறுகிறாள். இன்று விட்டால் ஆல்பம் நொண்டிதான்.

மணி நாலரை. முதலில் வாசித்துப் பதிந்த கிதார் இசையின் மேல் அதையே மறுபடி வாசித்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள் சங்கீதா. பதினேழாவது முறை.

“ரெண்டும் ஒண்ணா இல்ல. அழிச்சிடுங்க சார்.”

ஒலிப்பதிவு செய்த சுப்பராயன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு வித்தியாசமே தெரியலையேம்மா!”

“எனக்குத் தெரியுது.”

சர்தார் பாஷா பேஸ் கிதாரோடு எழுந்தான். பேண்டை உதறிவிட்டு அவளோடு வந்த ஒரே ஆள் அவன்.

“பேஜார் பண்ணாதக்கா. இங்க வந்தும் ஜோடி சேக்குறே. இது இன்னா ஷூவா?”

“உடு பாஷாண்ணா. அடுத்து நம்ம காதையும் அளந்து பாப்பாங்க” என்றாள் சௌந்தர்யா.

சங்கீதாவுக்கு முகம் சிவந்தது. “அழிக்காதீங்க சார், போடுங்க” என்று ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். இரண்டு கிதாரும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருந்தன. ஒன்றுபோல, உயிரில்லாமல்.

“எல்லாத்தையும் அழிச்சிடுங்க. மூணு பேரும் சேந்து வாசிக்கிறோம். ஒரே தடவை.”

“தப்பு வந்தா?”

“வரட்டும்.”

வந்தது. நடுவில் விரல் நழுவி, எண்ணாத ஒரு சுரம் தெறித்தது. நிறுத்தவில்லை அவள். அதே சுரத்தை மறுபடி அழுத்தினாள். பாஷா அதைப் பிடித்துக்கொண்டான். சௌந்தர்யா அதன் தலையில் ஒரு அடி வைத்தாள். மூவரும் அதுவரை போகாத பாதையில் ஓடினார்கள். சங்கீதாவின் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கத்தான் கை சும்மா இல்லை.

முடிந்தபோது சுப்பராயன் தயங்கினார். “நடுவுல கை நழுவிச்சே... இன்னொரு தடவை எடுக்கலாமா?”

“வேணாம் சார்” என்றாள் சங்கீதா. “பாஸ்.”

வெளியே வந்ததும் தமிழ்வேந்தனுக்குப் போன் போட்டாள்.

“ஒம்போதும் முடிஞ்சிது தமிழு. நீ சொன்ன ரெண்டு மாசத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்குது. ஞாயித்துக்கெழமை வந்து கேளு.”

“எத்தினி மணிக்கு?” என்று கேட்டான் தமிழ்வேந்தன், சிரிக்காமல்.