பொறுமையானவருக்குக் கடைசி இடம்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்ககத்தின் பதினோராவது மாடியில், என் வீட்டுக்கு எதிர்வீடு மாதவியுடையது. வயது நாற்பத்தாறு. கிள்ளான் பள்ளத்தாக்கின் சிறிய விமான நிலையம் ஒன்றின் கோபுரத்தில் அமர்ந்து, இறங்கும் விமானங்களுக்கு வரிசை சொல்வது பத்தொன்பது வருடமாக அவருடைய வேலை. லிஃப்டில் என்னைப் பார்த்தால் சிரிப்புக்கு முன்பாகக் கொட்டாவி வரும். விமானம் ஏறும் முன்தினமெல்லாம் வானிலைச் செய்தியையே பார்த்துக்கொண்டிருப்பவன் நான். அதனால் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அக்கா, மேல கூட்டமா இருந்தா யார முதல்ல எறக்குவீங்க?"

"கிளினிக் மாதிரிதான் தம்பி. முதல்ல வந்தவன் முதல்ல. நெஞ்சுவலின்னு ஒருத்தன் வந்தா அவன் முந்திக்குவான். நோயாளி ஏத்திட்டு வர்ற பிளேன், ஆபத்துன்னு வாய்விட்டுச் சொல்றவன், இவங்களுக்கு வழி விட்டுடணும்."

"சின்ன பிளேனுக்கு?"

"சட்டத்துல சின்னது, பெரிசுன்னு ஒண்ணும் இல்ல. ஆனா சின்னது ஆமை மாதிரி வரும். அத முன்னால விட்டா, பின்னால வர்ற ஜெட்டு அந்தளவுக்கு வேகத்தக் கொறைக்க முடியாது. பின்னால விட்டா, ஜெட்டு கெளப்பிவிட்ட காத்து சின்னதப் புரட்டிப் போட்டுடும். மூணு நிமிஷம் தள்ளியே வரணும். அதனால வெளியவே சுத்தச் சொல்லிடுவோம். சொன்னா சுத்துவான். பாவம்."

அந்தப் 'பாவம்' யாரைக் குறித்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கிள்ளானில் நாற்பது வருடம் பல் பிடுங்கிய டாக்டர் கார்த்திகேசு, ஓய்வுபெற்றபின் இரண்டு இருக்கை விமானம் ஒன்றில் பங்கு வாங்கினார். ஞாயிறு மதியம் ஜெஞ்சாரோம் பக்கம் போய், செம்பனைத் தோட்டங்களின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்புவார். வானொலியில் அவர் குரல் கோவிலில் வழிவிடுகிறவரின் குரல். காத்திருக்கச் சொன்னால், "நோ ஹர்ரி மேடம், டேக் யுவர் டைம்", அவசரமே இல்லை என்பார். மற்ற விமானிகள் முறைத்துக்கொள்வார்கள். 'எனக்கு முன்னால் யார், ஏன்' என்று கேட்பார்கள். இவர் கேட்டதே இல்லை. எனவே நெருக்கடி வந்தால் மாதவியின் கை தானாக இவருடைய விமான எண் எழுதிய சீட்டைத்தான் வரிசைப் பலகையில் கீழே நகர்த்தும். அது எந்தச் சட்டத்திலும் இல்லாத வரிசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபுரத்தில் ஆள் குறைவு. ஓய்வு நாளிலும் மாதவியைக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று முப்பத்தைந்துக்கு டாக்டர் திரும்பி வந்தார். இரண்டு பெரிய விமானங்கள் வரிசையில் இருந்தன. மாதவி அவரைக் கிள்ளானின் மேல் சுற்றச் சொன்னார். மூன்று நாற்பத்தாறுக்கு இன்னொரு பெரிய விமானம் வந்தது. மறுபடி சுற்றச் சொன்னார். மூன்று ஐம்பத்தெட்டுக்கு மூன்றாவது முறை. "நோ ஹர்ரி மேடம்" என்றது வானொலி. ஆனால் 'டேக் யுவர் டைம்' வரவில்லை.

மாதவி நிமிர்ந்து பார்த்தார். ரவாங் பக்கத்து வானம் கரித்துணி போல இறங்கிக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மழை ஓடுதளத்தை மூடிவிடும். அதற்குள் இறங்காவிட்டால் டாக்டர் வேறு இடம் தேடிப் போகவேண்டும். எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று மாதவி முறைப்படி ஆங்கிலத்தில் கேட்டார். "இட்ஸ் ஓகே மேடம்" என்று பதில் வந்தது. அது பதிலே இல்லை.

வானொலியில் பேசக்கூடாத மொழியில் மாதவி பேசினார்.

"அங்கிள், மரியாதையெல்லாம் அப்புறம். எண்ணெ எத்தன நிமிஷத்துக்கு இருக்கு?"

டாக்டரும் தமிழுக்கு மாறினார்.

"இருவது இருக்கும்மா. கொறச்சலாவும் இருக்கலாம். நீங்க பிசியா இருந்தீங்க…"

இறங்கவிருந்த ஜெட்டை மாதவி மேலே ஏறச் சொன்னார். அதன் தலைமை விமானி, நூற்று நாற்பது பயணிகள் இருக்கிறார்கள், எனக்கு முன்னால் போவது யார் என்று கேட்டார். "நெஞ்சுவலி" என்று சொல்லத் தோன்றியதாம் மாதவிக்கு. "சிறிய விமானம், எரிபொருள் குறைவு" என்றார். பிறகு ஏழு நிமிடம், டாக்டரின் விமானம் தெரிந்த புள்ளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. டாக்டரின் சக்கரங்கள் தரையைத் தொட்டபோது ஓடுதளத்தின் மறுமுனை மழையில் காணாமல் போயிருந்தது.

அரைமணி கழித்து டாக்டர் கீழிருந்து தொலைபேசியில் அழைத்தார். "உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேம்மா. இனிமே ஞாயித்துக்கெழம பறக்க மாட்டேன்."

"பறங்க அங்கிள். எண்ணெ கொறஞ்சா கத்துங்க."

"எனக்குக் கத்த வராதேம்மா. பல்லு புடுங்கும்போது கத்துறது நோயாளிங்கதான."

மாதவிக்குச் சிரிப்பு வரவில்லை. அறிக்கை எழுத உட்கார்ந்தார். மேலதிகாரி பாலன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"பைலட் ஆபத்துன்னு சொல்லல. அத மட்டும் எழுது லா. உம்மேல தப்பே இல்ல."

"அவர் சொல்ல மாட்டாருன்னு தெரிஞ்சுதாண்ணே மூணு தடவையும் சுத்த விட்டேன்."

"அத எழுதினா உன்ன டூட்டிலேர்ந்து எடுத்துட்டு விசாரண வைப்பாங்க."

"எடுக்கட்டும். தூங்கணும் எனக்கு."

சுற்ற விட்ட மூன்று நேரங்களையும் எழுதி, 'இவர் முறையிட மாட்டார் என்பதால்' என்று காரணமும் எழுதிக் கையெழுத்திட்டார்.

இப்போது இரண்டு வாரமாக வீட்டில்தான் இருக்கிறார். நேற்றுக் குப்பை போட வந்தபோது பார்த்தேன். விசாரணை வியாழக்கிழமையாம்.

"தூக்கம் வருதாக்கா?"

"எங்க தம்பி வருது," என்றார். "அந்த மனுஷன மாதிரி இன்னும் எத்தன பேர சுத்த விட்டிருப்பேன்னு எண்ணிக்கிட்டு கெடக்கேன்."